ஏற்காடு ரோட்டுக்கு ஜீப் டயர் வாங்குறப்போ லோடு நம்பர்ல பண்ற தப்புங்க

கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்தாச்சுன்னா அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவு, எஸ்டேட்டுக்கு ஆளும் சாமானும் ஏத்திட்டு போற வண்டிக்கு டயர் மாத்தறப்போ நம்மாளுங்க தரைல பிடிக்கற ரப்பர் கட்டை, அதான் பட்டன், எவ்ளோ பெருசுன்னு பாக்குறாங்க, சைஸ் பக்கத்துலயே இருக்குற லோடு நம்பர பாக்கறதே இல்ல. அது கிலோ கிடையாது, குறியீடு. 92ன்னா ஒரு டயர் 630 கிலோ தாங்கும், 100ன்னா 800, 104ன்னா 900, 108ன்னா 1000.

பெரிய தப்பு என்னன்னா மொத்த எடைய நாலால வகுக்கறது. லோடோட 2500 கிலோன்னு வைங்க, வகுத்தா 625, சரி 92 போதும்னு தோணும். ஆனா சாமான் எல்லாம் பின்னாடி தானே கிடக்கு, பின் ஆக்சில்ல மட்டும் 1550 நின்னா ஒரு டயருக்கு 775 ஆச்சு, 92 பத்தவே பத்தாது. இதுல மேடு ஏறும்போது எடை இன்னும் பின்னாடி சாயும், வளைவுல வெளிப்பக்க டயர் மேல அமுங்கும். அதனால 100க்கு கீழ போகாதீங்க, 104 கிடைச்சா இன்னும் நிம்மதி. லோடு ஏத்தி ஒரு தடவ எடை மேடைல பின் சக்கரத்த மட்டும் நிறுத்தி போட்டு பாருங்க, செலவு ஒண்ணும் பெருசில்ல.

அடுத்தது காத்து. அந்த நம்பர் சரியான காத்து இருந்தா தான் செல்லும். எஸ்டேட் சேத்துல பிடிப்பு வேணும்னு 18 பிஎஸ்ஐக்கு இறக்கிட்டு, காப்பி மூட்டைய ஏத்திக்கிட்டு அப்படியே மலை இறங்கறாங்க, தயவு செஞ்சு இத பண்ணாதீங்க. டயர் மடங்கி மடங்கி உள்ளுக்குள்ளயே சூடாகும், வெளிய ஒண்ணும் தெரியாது, பக்கவாட்டுல வெடிச்சா தான் தெரியும். தார் ரோடு ஏறறதுக்கு முன்னாடி காத்த திரும்ப ஏத்திடுங்க, சின்ன பம்பு ஒண்ணு வண்டிலயே கிடக்கட்டும்.

112/109னு ரெண்டு நம்பர் இருந்தா முதல் நம்பர் தான் நமக்கு, ரெண்டாவது பின்னாடி ஜோடி டயர் ஓடற வண்டிக்கு. டயர்ல 10 பிஆர்னு (ப்ளை ரேட்டிங்) போட்டிருந்தா பத்து அடுக்குன்னு அர்த்தமில்ல, அது பலத்துக்கான அளவு. அத போட்டுட்டா வண்டியும் அதிக எடை தூக்கும்னு நினைக்காதீங்க, ஸ்பிரிங்கும் பிரேக்கும் பழசு தானே. காலியா ஓட்டும்போது தூக்கி தூக்கி வேற போடும்.

ஸ்டெப்னிக்கும் அதே நம்பர் இருக்கான்னு கடையிலயே பாத்துடுங்க, நிறைய பேர் நாலு புதுசு போட்டுட்டு பின்னாடி பழைய சின்ன நம்பர் டயரையே தொங்க விடறாங்க, லோடோட மலைல பஞ்சர் ஆனா அது தான் கீழ வரைக்கும் எடைய தாங்கணும்.