போடன்சே ஏரிக்கு முதல் பயணம்: பூவை வைத்து நாள் குறியுங்கள்

விமான டிக்கெட் எந்த நாளில் மலிவு என்று பார்த்துத்தான் பலரும் பயணத் தேதியை முடிவு செய்கிறார்கள். தோட்டம் பார்க்கப் போகிறவர்களுக்கு அது சரிப்படாது. ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் ஆஸ்திரியாவும் சூழ்ந்த போடன்சே ஏரியில் மைனாவ் என்ற தீவு இருக்கிறது. பரப்பு ஏறக்குறைய 45 ஹெக்டேர். அநேகமாக முழுவதுமே தோட்டம்தான். அங்கே எந்தப் பூவைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால், தேதி, தங்கும் ஊர், கப்பல் எல்லாம் அதன்பின் சுலபமாக அமைந்துவிடும்.

படி 1: பூவும் மாதமும்

ஏப்ரல் பிற்பாதியிலிருந்து மே நடுவரை டியூலிப். மே கடைசியில் ரோடோடென்ட்ரான், ஜூனில் ரோஜா. செப்டம்பரிலிருந்து அக்டோபர் தொடக்கம்வரை டேலியா. முதன்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது செப்டம்பர்தான். பள்ளி விடுமுறைக் கூட்டம் குறைந்திருக்கும், கப்பல்களும் ஓடிக்கொண்டிருக்கும். தட்டளவுக்கு விரிந்த டேலியாக்களை நிறம் நிறமாகப் பார்க்கும் மகிழ்ச்சிக்கு ஈடு வேறில்லை. குளிர்காலத்திலும் தீவு திறந்திருக்கும். ஆனால் ஏரியைச் சுற்றிவரும் பெரிய கப்பல்களின் பருவம் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தோடு முடிந்துவிடும்.

படி 2: விசா

ஷெங்கன் விசா (ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) தேவைப்படுபவர்கள் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு பயணத்துக்கு 15 நாள் முன்பு. அதுவரை காத்திருக்க வேண்டாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். இறங்குவது சுவிட்சர்லாந்தின் ஜூரிக் விமான நிலையமாக இருந்தாலும், அதிக இரவுகள் ஜெர்மனியில் தங்கினால் ஜெர்மனியிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். புதிதாகப் போகிறவர்கள் குழம்பும் இடம் இது.

படி 3: ஒரே ஊரில் தங்குங்கள்

அந்த ஊர் ஏரிக்கரையில் ஜெர்மனிப் பக்கம் இருக்கும் கொன்ஸ்டன்ஸ். ஜூரிக் விமான நிலையத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குத் தப்பிய பழைய நகரம் என்பதால் குறுகிய சந்துகளும் நூற்றாண்டுகள் கண்ட வீடுகளும் அப்படியே இருக்கின்றன. 1414 முதல் 1418 வரை இங்கே கூடிய கத்தோலிக்கத் திருச்சபை மாமன்றம்தான், ஒரே நேரத்தில் பலர் தாமே போப்பாண்டவர் என்று போட்டியிட்டதால் வந்த பிளவுக்கு முடிவு கட்டியது. 1417-இல் புதிய போப்பாண்டவரைத் தேர்ந்தெடுக்கக் கூடிய கட்டடம் இன்றும் துறைமுகத்தருகே நிற்கிறது. தங்கும் விடுதியில் விருந்தினர் அட்டையைக் கேட்டு வாங்குங்கள். அதைக் காட்டி நகரப் பஸ்களில் கட்டணமின்றிப் போகலாம். இங்கே தங்கினால் தினமும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் மாற வேண்டியதில்லை.

படி 4: மைனாவுக்கு ஒரு முழு நாள்

அரை நாள் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காலையில் நகரப் பஸ்ஸில் கிளம்பி, பாலத்தின் வழியாக நடந்தே தீவுக்குள் நுழையுங்கள். கூட்டம் வருவதற்குள் முதலில் மரத்தோட்டத்துக்குப் போய்விட வேண்டும். பின்னாளில் பாடன் நாட்டின் (இன்று ஜெர்மனியின் ஒரு பகுதி) பெருங்கோமகனான முதலாம் ஃப்ரீட்ரிக் 1853-இல் இந்தத் தீவை வாங்கினார். தொலைதூர நாடுகளின் மரங்களைக் கொண்டுவந்து நட்டவர் அவர்தான். கலிபோர்னியாவின் மாபெரும் செக்வோயாக்களை இங்கே அண்ணாந்து பார்க்கலாம். மெட்டாசெக்வோயா மரங்கள் இருபுறமும் நிற்கும் சாலையையும் தவறவிடாதீர்கள். 1940-களில் சீனாவில் உயிரோடு கண்டுபிடிக்கப்படும்வரை புதைபடிவங்களில் மட்டுமே அறியப்பட்டிருந்த இனம் அது. அந்த நிழலில் நிதானமாக நடந்துவிட்டு, பிறகு பூக்களிடம் வாருங்கள்.

ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே பனைகளும் எலுமிச்சைகளும் எப்படி வளர்கின்றன என்று வியப்பாக இருக்கும். ஏரிதான் காரணம். கோடையில் வாங்கிய வெப்பத்தை அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு மெதுவாகத்தான் வெளியிடுகிறது. அதனால் கரையோரம் குளிரின் கடுமை குறைகிறது. அப்படியும் குளிர்காலத்தில் பனைகளுக்குக் கண்ணாடிக் கூரை வேண்டும்.

1932-இல் ஃப்ரீட்ரிக்கின் கொள்ளுப்பேரன் லெனார்ட் பெர்னடாட் வந்தபோது தீவு பராமரிப்பின்றிப் புதர்மண்டிக் கிடந்தது. இன்று நாம் பார்க்கும் மலர்த் தீவு அவருடைய உழைப்பில் எழுந்தது. டேலியாத் தோட்டத்தை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாய்ந்த வெயிலில் படம் எடுக்க ஏற்ற இடம்.

படி 5: எதிர்க்கரை ஊர்கள்

மேர்ஸ்பர்க் போவது எளிது. கொன்ஸ்டன்ஸின் ஷ்டாட் துறையிலிருந்து கார்களை ஏற்றிச் செல்லும் படகு இரவு பகலாக ஓடுகிறது. கால் மணி நேரத்தில் அக்கரை. கரையிலிருந்து பழைய கோட்டைக்கு ஏறும் சந்து செங்குத்தானது. நல்ல காலணி அணிந்து போங்கள்.

லிண்டாவ் கொஞ்சம் தூரம். பழைய நகரம் முழுவதும் ஒரு தீவில் அமைந்திருக்கிறது. துறைமுக வாயிலின் ஒருபுறம் பவேரியாவின் கல் சிங்கம், மறுபுறம் கலங்கரை விளக்கம். கொன்ஸ்டன்ஸிலிருந்து கப்பலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். போகவர இரண்டுமே கப்பல் என்றால் ஊர் பார்க்க நேரமிருக்காது. ஆகவே காலையில் கேட்டமரான் என்ற வேகமான பயணிகள் படகில் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபனுக்குப் போய் அங்கிருந்து ரயிலில் லிண்டாவை அடையுங்கள். திரும்பும்போது கப்பலின் மேல்தளத்தில் உட்கார்ந்து வாருங்கள். கடைசிக் கப்பலின் நேரத்தை அன்று காலையிலேயே குறித்துக்கொள்வது அவசியம்.

படி 6: புறப்படுமுன்

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். பழம், ரொட்டி, தண்ணீரைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். கொன்ஸ்டன்ஸை ஒட்டியே இருக்கும் க்ரோய்ட்ஸ்லிங்கன் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்தது. அங்கே நாணயம் ஃபிராங்க்.

வாடகைப் படகு எடுக்கிறவர்கள் கரையோர ஆரஞ்சு விளக்குகளைக் கவனியுங்கள். நிமிடத்துக்கு 40 முறை சிமிட்டினால் பலத்த காற்று வரலாம் என்று பொருள். 90 முறை என்றால் புயல் எச்சரிக்கை, உடனே கரை திரும்ப வேண்டும்.