தேவை ஆவணத்திலிருந்து கிளாஸ் டயகிராமைத் தானாக உருவாக்குவது எப்படி?

கிளாஸ் டயகிராம் என்பது மென்பொருளில் வரும் பொருள் வகைகளையும் (கிளாஸ்கள்) அவற்றின் பண்புகளையும் உறவுகளையும் காட்டும் வரைபடம். எழுதப்பட்ட தேவைகளிலிருந்து அதைக் கருவியே வரைந்து தர வேண்டுமென்றால், வேலையில் பெரும்பகுதி அந்தக் கருவியைத் திறப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். சென்னை அடுக்ககம் ஒன்றில் தண்ணீர் லாரி பதிவு செய்வதற்கான செயலியை எடுத்துக்கொள்வோம். (கோடைக்காலத்தில் இது வெறும் பாடநூல் எடுத்துக்காட்டு அன்று.)

"லாரிக்குப் பதிவு செய்யப்படும், ஒப்புதல் கிடைத்ததும் அனுப்பப்படும்" என்று ஆவணத்தில் ஒரு வரி இருப்பதாகக் கொள்க. பதிவு செய்பவர் யார், ஒப்புதல் தருபவர் யார், அனுப்பப்படுவது லாரியா குறுஞ்செய்தியா என்பது அதில் இல்லை. விடுபட்டதைக் கருவி தானே ஊகித்து நிரப்பிவிடும். வரைபடத்தில் அந்த ஊகத்துக்கும் வாடிக்கையாளர் சொன்னதற்கும் வேறுபாடு தெரியாது. எனவே ஒவ்வொரு வரியையும் செய்பவர், செயல், செயப்படுபொருள் தெரியுமாறு உடைத்து, எண்ணிட்டு எழுதுங்கள்:

தே1: குடியிருப்பவர் ஒரு தேதிக்கு லாரியைப் பதிவு செய்கிறார்.
தே2: சங்கச் செயலாளர் பதிவுக்கு ஒப்புதல் அளிக்கிறார்.
தே3: ஒப்புதல் கிடைத்ததும் செயலி ஓட்டுநருக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது.

அடுத்து, ஒரே ஆளைக் குறிக்கும் பல பெயர்களை ஒன்றாக்குங்கள். ஆவணம் ஓரிடத்தில் "குடியிருப்பவர்" என்றும், வேறோரிடத்தில் "மெம்பர்" என்றும், பிறிதோரிடத்தில் "ஓனர்" என்றும் சொன்னால் மூன்று கிளாஸ்கள் முளைக்கும். ஆனால் வாடகைக்கு இருப்பவரும் ஓனரும் ஒருவர் அல்லர் என்பதால், வாடிக்கையாளரைக் கேட்காமல் இணைத்துவிடவும் கூடாது.

பெயர்ச்சொற்களிலிருந்து தரவு வகைகளையும் வினைச்சொற்களிலிருந்து செயல்பாடுகளையும் பெறும் வழியைக் கணினி அறிவியலாளர் ரசல் அபாட் 1983இல் வெளியிட்டார். விதிவழி இயங்கும் கருவிகள் பலவும் இன்றும் அதையே ஒட்டிச் செல்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால் "தேதி" தனி கிளாஸ் ஆகிவிடும். அது "பதிவு" என்னும் கிளாஸின் பண்பு மட்டுமே. "செயலி" என்பது நாம் கட்டும் அமைப்பே என்பதால் அதையும் நீக்குங்கள். தே3இல் உள்ள "கிடைத்ததும்" என்னும் கால வரிசைக்குக் கிளாஸ் டயகிராமில் இடமில்லை. அதற்கு, எது முதலில், எது அடுத்து என்று காட்டும் சீக்குவென்ஸ் டயகிராம் வேண்டும்.

சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரியைப் பயன்படுத்துவதாயின், படமாகக் கேட்காமல் பிளான்ட்யூஎம்எல் (வரைபடத்தை எழுத்தாலேயே விவரிக்கும் வடிவம்) உரையாகக் கேளுங்கள். கோப்புகளின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் (Git) கருவியில் சேமித்து, எந்த வரி மாறியது என்று பார்க்க முடியும். ஒவ்வொரு கிளாஸுக்கும் உறவுக்கும் அருகில் தேவை எண்ணை எழுதவும், எண் காட்ட முடியாதவற்றை வரையாமல் கேள்விகளாகப் பட்டியலிடவும் கட்டளையிடுங்கள். என் மதிப்பில், வரைபடத்தைவிட அந்தக் கேள்விப் பட்டியலே அதிகப் பயன் தருவது.

இறுதியாக, ஒவ்வோர் உறவிலும் ஒன்றுக்கு எத்தனை என்னும் எண்ணிக்கையைச் சரிபாருங்கள்; கருவிகள் இங்கே தவறக்கூடும். படத்தைக் காட்டாமல், "ஒரு பதிவுக்கு ஒரே லாரிதானா? ஒரு லாரி ஒரே பதிவுக்குத்தானா?" என்று செயலாளரிடம் கேளுங்கள். "பாதி லோடு பக்கத்து பிளாக்குக்கும் போகும் சார்" என்று அவர் சொன்னால், பதிவுக்கும் லாரிக்கும் இடையே "விநியோகம்" என்று ஒரு கிளாஸ் தேவைப்படும். அதை வரைபடத்தில் கையால் சேர்த்தால் அடுத்த முறை உருவாக்கும்போது அழிந்துவிடும். தே4 என்று ஆவணத்தில் எழுதிவிட்டு, மீண்டும் உருவாக்குங்கள்.