மஜ்ஜை மாற்றுக்குப் பின் வாயைப் பேணும் முறை

எலும்பு மஜ்ஜை மாற்றுக்கு முன் கொடுக்கப்படும் கடுமையான கீமோ, வேகமாகப் பெருகும் செல்களையெல்லாம் தாக்குவதால், ஒரு வார காலத்தில் வாயின் உள்தோல் சிவந்து, உரிந்து, எச்சில் விழுங்கக்கூட முடியாத அளவுக்குப் புண்ணாகிவிடலாம். புதிய மஜ்ஜை வேலை செய்யத் தொடங்கி வெள்ளை அணுக்கள் ஏறும்போது, பெரும்பாலும் 2, 3 வாரங்களில், அது ஆறத் தொடங்கும். அதுவரை வாயைச் சுத்தமாக வைத்திருப்பதே வீட்டாரின் முதல் வேலை.

கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஒரு டீஸ்பூன் ஆப்பசோடாவும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்து, 4 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது கொப்பளித்துத் துப்பச் செய்யுங்கள். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் கூடாது. மிக மென்மையான பிரஷ் போதும். ரத்தம் கசிந்தாலோ பிளேட்லெட் குறைந்திருந்தாலோ, எதைக் கொண்டு துலக்குவது என்று மருத்துவரைக் கேளுங்கள். மாற்றுக்கு முன் மெல்ஃபலான் என்ற கீமோ மருந்து ஏறும்போது ஐஸ் துண்டுகளை வாயில் அடக்கிக்கொண்டால் புண் குறையும். அந்த ஐஸ் மருத்துவமனை தருவதாகவோ, கொதித்து ஆறிய நீரில் உறைந்ததாகவோ இருக்க வேண்டும். காசிமேட்டில் மீனுக்குப் போடும் பார் ஐஸோ ஜூஸ் கடை ஐஸோ ஒருபோதும் ஆகாது.

வலி தாங்காமல் சாப்பாட்டை நிறுத்துவதைவிட, வலி மருந்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஆறிய கஞ்சியோ, பாலில் குழைத்த இட்லியோ கொடுப்பது நல்லது. 38 டிகிரி செல்சியஸைத் தொடும் காய்ச்சல், நிற்காத ரத்தக்கசிவு, தண்ணீர்கூட இறங்காத நிலை ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே, இரவானாலும், மருத்துவமனைக்குப் போங்கள். வழித்தால் வரும் வெள்ளைப் படலம் பூஞ்சைத் தொற்றாக இருக்கக்கூடும். அதற்குத் தனி மருந்து உண்டு.

பிறர் மஜ்ஜை பெற்றவர்களுக்கு இன்னொரு கட்டம், பெரும்பாலும் சில மாதங்கள் கழித்து வருகிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் என் தம்பி, மீன் குழம்பைத் தொட்டதும் "எரியுது அக்கா" என்று தட்டை நகர்த்தியபோது, எங்கள் வீட்டுக் காரம்தான் காரணம் என்று மிளகாயைக் குறைத்ததோடு நாங்கள் நின்றுவிட்டோம். பல நாள் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, கன்னத்தின் உட்புறம் முழுவதும் கோலத்தின் இழைகள் போல வெள்ளைக் கோடுகள் படர்ந்திருந்தன. கொடையாளரின் செல்கள் வாயைத் தாக்கியதன் அடையாளம் அது. புதினா பேஸ்ட் எரிவதும் வாய் வறள்வதும் இதே அறிகுறிகளாக இருக்கலாம்.

இதற்கு மருத்துவர் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கரைசல் எழுதினால், அவர் சொன்ன அளவில் சுமார் 5 நிமிடம் வாயில் அடக்கித் துப்ப வேண்டும். விழுங்கக் கூடாது, அடுத்த கால் மணி நேரம் எதுவும் உண்ணக் கூடாது. எச்சில் குறைந்தால் பல் விரைவில் சொத்தையாகும் என்பதால் ஃப்ளோரைடு பேஸ்ட் அவசியம். வெற்றிலை, பாக்கு, புகையிலை எல்லாவற்றையும் அறவே விட்டுவிடுங்கள். பிறர் மஜ்ஜை பெற்றவர்களுக்கு வாய்ப்புற்று அபாயம் மற்றவர்களைவிட அதிகம். 2 வாரம் கடந்தும் ஆறாத புண், தடிப்பு எதையும் படமெடுத்துக்கொண்டு, மஜ்ஜை மாற்று செய்த மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள்.