கலந்த வண்ணம் சரியா? படத்தின் மேலேயே வைத்துப் பாருங்கள்
பழைய உருவப்படத்தை எண்ணெய் வண்ணத்தில் பிரதி எடுக்கும்போது, அச்சுப் படத்தின் மேல் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளை விரித்து, கலந்த வண்ணத்தைக் கத்தி முனையால் அதில் ஒரு பொட்டு வையுங்கள். பொட்டு படத்தோடு கரைந்து மறைந்தால் கலவை சரி. கேன்வாஸில் பூசிவிட்டுச் சுரண்டும் வேலை மிச்சம்.

பக்கத்து நிறத்தை வைத்துத்தான் கண் எந்த நிறத்தையும் எடைபோடுகிறது. தாடையோர நிழல், வண்ணம் கலக்கும் தட்டில் வெறும் சாம்பல் பச்சை. சிவந்த கன்னத்தை ஒட்டி வைத்தால்தான் அது தோலாகிறது!

மெல்லிய பூச்சுகளை அடுக்கி எழுப்பிய இடங்களுக்கு இந்தப் பொட்டுச் சோதனை உதவாது. டச்சு ஓவியர் வெர்மீர் 1665 வாக்கில் தீட்டிய ‘முத்துத் தோடு அணிந்த பெண்’ ஓவியத்தின் பின்னணி, கருமையான அடிப்பூச்சின் மேல் ஒளி ஊடுருவும் பச்சை ஏற்றியது. ஒற்றைக் கலவையில் அந்த ஆழம் வராது. ஒளிரும் திரையைப் பார்த்து வரைவோருக்கும் இது பொருந்தாது.