மேல்காற்றில் கண் உறுத்தினால் என்ன செய்வது?

ஆடியில், மேற்கேயிருந்து காற்று அடிக்கும்போது, வள்ளியூரிலிருந்து ராதாபுரத்துக்கு பைக்கில் போய்ப் பாருங்கள். காற்றாலைக்குக் கொண்டாட்டம், கண்ணுக்குத் திண்டாட்டம். போன வருடம் பத்து நாள் கண்ணைக் கசக்கிக்கொண்டே திரிந்த பிறகு நான் கற்றுக்கொண்டது இது.

1. கசக்காதீர்கள். உள்ளே கிடக்கும் மணல் கருவிழியைக் கீறிவிடும். லென்ஸ் போட்டிருந்தால், சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு முதலில் அதைக் கழற்றுங்கள்.

2. தலையைச் சாய்த்து, சுத்தமான தண்ணீரை மூக்கோரத்திலிருந்து காதுப் பக்கமாக ஓடவிட்டு, கண்ணைச் சிமிட்டுங்கள். அப்படியும் தூசி வரவில்லையா? மேல் இமையின் முடியைப் பிடித்துக் கீழ் இமைக்கு மேல் இழுத்து விடுங்கள். கீழ் இமை முடியே தூசியைக் கூட்டித் தள்ளிவிடும்.

3. சொட்டு மருந்து. நான் கோட்டைவிட்டது இங்கேதான். மூன்று நான்கு சொட்டு விட்டுப் படபடவென்று சிமிட்டுவேன். கொஞ்ச நேரத்தில் தொண்டை கசக்கும். கண்ணுக்கும் மூக்குக்கும் இடையே கண்ணீர் வடியும் குழாய் இருப்பது அப்போது எனக்குத் தெரியாது. சிமிட்டச் சிமிட்ட மருந்து அதன் வழியே இறங்கிவிடும். ஒரு சொட்டே கண் கொள்ளும் அளவைவிட அதிகம். கீழ் இமையை இழுத்து, மேலே பார்த்து, அந்தப் பையில் ஒரே சொட்டு. குப்பி நுனி கண்ணில் படக்கூடாது. பிறகு கண்ணை மெதுவாக மூடி, மூக்கோர மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். இன்னொரு மருந்தும் உண்டென்றால் ஐந்து நிமிடம் கழித்து.

வெறும் உறுத்தலுக்கு, செயற்கைக் கண்ணீர் (கார்பாக்சிமெதில்செல்லுலோஸ் 0.5%) போதும். சிவப்பை உடனே போக்கும் சொட்டுகள் எனக்குப் பிடிக்காது. நிறுத்தினால் சிவப்பு திரும்ப வரும். வீட்டில் மிச்சம் கிடக்கும் ஸ்டீராய்டு சொட்டைத் தொடவே தொடாதீர்கள்.

4. பைக் ஓட்டும்போது பக்கவாட்டு மறைப்புள்ள மூக்குக்கண்ணாடி. ஹெல்மெட் வைசர் மட்டும் போதவில்லை, கீழிருந்து மண் ஏறுகிறது.

பின்சேர்க்கை: பிசானப் பருவ அறுப்பில் நெல் சுணை கண்ணில் விழுந்தால் என்ன செய்ய என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கழுவலாம். ஆனால் கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால் அன்றைக்கே கண் ஆஸ்பத்திரி. பயிர்ப் பொருள் கீறிய இடத்தில் பூஞ்சைப் புண் வரும், பார்வையே போகலாம். ஆச்சி சொல்கிற விளக்கெண்ணெய், தாய்ப்பால் எல்லாம் அந்தக் கண்ணுக்கு வேண்டாம்.

அப்புறம், சுண்ணாம்பு தெறித்தால் மேலே சொன்ன வரிசையெல்லாம் கிடையாது. கிடைத்த தண்ணீரில் அரை மணி நேரம் விடாமல் கழுவிவிட்டு, நேரே ஆஸ்பத்திரிதான்.