வானிலைக் கருவிகளைச் சொல்லித் தரும்போது எங்கே தவறுகிறோம்?

வெப்பமானி வெப்பத்தை அளக்கும், மழைமானி மழையை அளக்கும் என்று படத்தோடு எழுதி மனப்பாடம் செய்ய வைப்பதில்தான் முதல் தவறு தொடங்குகிறது. பெயரிலேயே விடை இருக்கிறதே, அப்புறம் குழந்தை யோசிக்க என்ன மிச்சம்? கருவிக்குள் என்ன நடக்கிறது என்று கேட்க வைக்க வேண்டும். எந்தக் கருவியும் தனக்கு நேர்ந்ததை மட்டுமே சொல்லும். அதிலிருந்து காற்றையும் மழையையும் புரிந்துகொள்வது நம் வேலை. இந்த ஒன்று பிடிபட்டால் மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும்.

வெப்பமானியையே எடுத்துக்கொள்வோம். "இன்றைக்கு எவ்வளவு வெயில் என்று பார்ப்போம்" என்று அதைக் கொண்டுபோய் வெயிலில் வைக்கிறோம். அது காட்டுவது வெயிலில் காய்ந்த கண்ணாடிக் குழாயின் சூட்டை. காற்றின் சூடு வேண்டுமென்றால் நிழலும் காற்றோட்டமும் வேண்டும். தாமஸ் ஸ்டீவன்சன் என்ற கலங்கரை விளக்கப் பொறியாளர் 19-ஆம் நூற்றாண்டில் இதற்காகவே பலகைகளைச் சாய்த்து அடுக்கிய வெள்ளைப் பெட்டி ஒன்றை வடிவமைத்தார். வானிலை நிலையங்களில் தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில் அந்தப் பெட்டியை இன்றும் பார்க்கலாம். ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானிகளை வெயிலில் ஒன்று, நிழலில் ஒன்று என்று வைத்துவிட்டு, ஐந்து நிமிடம் பொறுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எது சரி என்று குழந்தைகளே சண்டை போடட்டும். காய்ச்சல் பார்க்கும் கருவி இதற்கு ஆகாது. உடைந்தால் நஞ்சு என்பதால் பாதரசக் கருவியைக் குழந்தைகள் கையில் கொடுக்கவே வேண்டாம்.

மழைமானியில் நடக்கும் தவறு கண்ணுக்கே தெரியாது. குப்பியின் வாயை வெட்டிக் கவிழ்த்து, பக்கத்தில் ஸ்கேலை ஒட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் பிளாஸ்டிக் குப்பியின் அடி மேடும் பள்ளமுமாக இருக்கும், முதல் சில மில்லிமீட்டர்கள் அதிலேயே பொய்யாகிவிடும். பக்கச்சுவர் நேராகத் தொடங்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூஜ்யத்தைக் குறித்தால் சரியாகிவிடும். இதைவிடப் பெரிய பிழை, அகலமான புனலைக் குறுகலான குப்பியில் செருகுவது. புனல் வாய் 10 சென்டிமீட்டர், குப்பி 5 சென்டிமீட்டர் விட்டம் என்றால் பரப்பு நான்கு மடங்கு. 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஸ்கேல் 40 காட்டும்!

இதைத் திருத்தும் சாக்கில் ஒரு நல்ல கேள்வியையும் கேட்டுவிடலாம்: மழையை ஏன் லிட்டரில் சொல்வதில்லை? நேரான சுவருள்ள அகலமான பாத்திரம் ஒன்று, ஒடுங்கிய பாத்திரம் ஒன்று, இரண்டையும் மழையில் வையுங்கள். தண்ணீரின் அளவு வேறாக இருக்கும், ஆழம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். ஒரு சதுர மீட்டர் தரையில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர் என்று அப்போது சொன்னால், பெரிய பிள்ளைகள் உடனே கூரைக்குக் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள். மழைமானியை மரத்தடியிலோ சுவர் ஓரத்திலோ வைக்காதீர்கள். தடை எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு மடங்காவது தள்ளி வைக்க வேண்டும்.

காற்றுத்திசைகாட்டியில் அம்பு காட்டும் பக்கம் காற்று போகிறது என்றுதான் எல்லாக் குழந்தைகளும் நினைக்கிறார்கள். நம் மொழியே இங்கே கைகொடுக்கும். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையை வைத்தே பெயர். அம்பின் வால் தலையைவிட அகலமாக இருப்பதால் காற்று வாலை அதிகமாகத் தள்ளுகிறது, தலை காற்றை எதிர்கொண்டு நிற்கிறது. தலையையும் வாலையும் ஒரே அளவில் வெட்டிவிட்டு "சுற்றிக்கொண்டே இருக்கிறதே" என்று கவலைப்படுவது வழக்கம்.

கிண்ணங்கள் சுழலும் காற்றுவேகமானி செய்தால், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எழுதினால் போதும். ஒப்பிட்டுச் சரிபார்க்காமல் அதைக் கிலோமீட்டராக மாற்றாதீர்கள்.

எனக்கு மிகவும் மனக்குறை உள்ளது பலூன் காற்றழுத்தமானிமேல். கண்ணாடிச் சாடியின் வாயில் பலூன் தோலை இழுத்துக் கட்டி, அதன் நடுவில் ஒரு உறிஞ்சுகுழலின் ஒரு முனையை ஒட்டி, சாடியின் விளிம்பைத் தாண்டி நீளும் மறுமுனை மேலே போனால் அழுத்தம் கூடுகிறது, கீழே வந்தால் குறைகிறது என்று சொல்லித் தருகிறோம். ஒரு குழந்தை அந்தச் சாடியை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தது. குழலின் நுனி மெதுவாகக் கீழே இறங்கியது. "புயல் வருதா?" என்று கேட்டது. கையின் சூட்டில் உள்ளே இருந்த காற்று விரிந்து தோலை உப்ப வைத்தது, அவ்வளவுதான். சாடிக்குள் 3 டிகிரி செல்சியஸ் மாறினால் போதும், வெளியே காற்றழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) மாறியதைப் போலவே கருவி அசையும். காலைக்கும் மதியத்துக்கும் நடுவிலேயே சூடு அதைவிடக் கூடிவிடும். ஆகவே சாடியின் பக்கத்தில் எப்போதும் ஒரு வெப்பமானி இருக்கட்டும், சூடு ஒன்றாக இருக்கும் நேரங்களை மட்டும் ஒப்பிடுங்கள். சில கைபேசிகளில் காற்றழுத்த உணரி உண்டு. அதை வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினால் ஏறத்தாழ 8 மீட்டருக்கு 1 ஹெக்டோபாஸ்கல் குறைவதைக் குழந்தைகள் நேரிலேயே பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று, தயவுசெய்து செய்யாதீர்கள். குழந்தை வெப்பநிலை 31 டிகிரி என்று எழுதியிருக்கும், கைபேசிச் செயலி 34 என்கிறது. உடனே "தப்பு, மாற்றி எழுது" என்கிறோம். செயலியின் எண் பெரும்பாலும் ஒரு பரந்த பகுதிக்காகக் கணக்கிடப்பட்டது, குழந்தையின் எண் அந்த நிழலில் அந்த நேரத்தில் படித்தது. வித்தியாசம் ஏன் என்று சேர்ந்து தேடுங்கள். கண்ணை அளவுக்கோட்டுக்கு நேராக வைத்துப் பார்த்ததா, பக்கத்தில் சூடான சுவர் இருக்கிறதா? எழுதியதை அழிக்க வேண்டாம்.

அதேபோல, விடுமுறையில் அளக்காமல் விட்ட நாட்களுக்கு மழைக் கட்டத்தில் பூஜ்யம் போட விடாதீர்கள். பூஜ்யம் என்றால் போய்ப் பார்த்தேன், மழை இல்லை என்று பொருள். போய்ப் பார்க்காத நாளின் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.