உங்கள் ஆர்பிஜி உலகத்தை வெளியிட்டு விற்க

ஆளுக்கொரு பாத்திரமாகச் சேர்ந்து உட்கார்ந்து கதையை ஆடும் ஆட்டம்தான் ஆர்பிஜி. அது நடக்கும் கற்பனை உலகத்தை, அதாவது செட்டிங்கை, எழுதி விற்கப்போகிறேன் என்று யாராவது வரைவை அனுப்பினால் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான். இன்று ராத்திரி நாலு பேரை உட்காரவைத்து ஆட்டம் நடத்தப்போகும் ஜிஎம்முக்கு (கேம் மாஸ்டருக்கு) இதில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் முதல் நாற்பது பக்கங்களில் எதுவும் இருக்காது. படைப்புக் கடவுள்கள், மூன்று யுகங்கள், ராஜ வம்சாவளி. எழுதியவருக்கு அதில்தான் உயிர். காசு கொடுத்து வாங்குகிறவருக்கு அது வீட்டுப்பாடம்.

ஒரு துறைமுக ஊர் என்று வைத்துக்கொள்வோம். 'அறுநூறு ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட ஊர்; மூன்று முறை முற்றுகையிடப்பட்டது.' இதை வைத்து ஜிஎம் என்ன செய்வார்? இப்படி எழுதிப் பாருங்கள்: 'கலங்கரை விளக்கம் பத்து நாளாக எரியவில்லை. காவல்காரி எண்ணெயை விற்றுத் தின்றுவிட்டாள் என்பது ஊர்ப்பேச்சு. உண்மையில் அவள் மகன் கடற்கொள்ளையரிடம் இருக்கிறான். விளக்கு எரிந்தால் அவன் உயிர் போகும். அதை ஏற்றுகிறவருக்குத் துறைமுக அதிகாரி 200 பொற்காசு தருவார்.' ஆட்டம் இப்போதே தொடங்கிவிட்டது. முற்றுகையைச் சொல்லியே தீர வேண்டுமா? மதிலில் இன்னும் அடைக்காத ஓட்டை ஒன்று இருக்கட்டும், திருட்டுச் சரக்கு அது வழியாக வரட்டும்.

வழியில் எது எதிர்ப்படும் என்று பகடை உருட்டிப் பார்க்கும் அட்டவணைகளுக்கும் இதே கணக்குதான். 'ஓநாய்க் கூட்டம்' என்று எழுத உங்கள் புத்தகம் தேவையில்லை. 'காயம்பட்ட ஓநாய், கழுத்தில் பட்டுக் கயிறு' என்றால் ஆடுகிறவர்களே கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

முதல் வெளியீடு சின்னதாக இருக்கட்டும். ஒரு ஊர், சுற்றி ஒரு வரைபடம், 24 அல்லது 32 பக்கம். நடுவில் பின் அடிக்கும் சின்னப் புத்தகமான ஸீனுக்குப் பக்க எண்ணிக்கை நாலின் மடங்காக வர வேண்டும் என்பதை எழுதும்போதே நினைவில் வையுங்கள்.

அப்புறம் லைசென்ஸ், அதாவது மற்றவர்கள் எழுதிய ஆட்ட விதிகளைப் பயன்படுத்தும் அனுமதி. எந்த சிஸ்டமும் (விதித் தொகுப்பும்) சாராமல் எழுதலாம், ஆனால் விதிகளோடு வருவதைத் தேடி வாங்குபவர்கள் அதிகம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) ஆட்டத்தின் அடிப்படை விதிகள் அடங்கிய எஸ்ஆர்டி 5.1 ஆவணம், மூலத்தைக் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம் என்னும் கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய் 4.0 லைசென்ஸுக்குக் கீழ் 2023 ஜனவரியில் வந்தது. அதில் கேட்டிருக்கும் நன்றிக்குறிப்பை அப்படியே போட்டால், யாரிடமும் அனுமதி கேட்காமல் விற்கலாம். ஆனால் திறந்திருப்பது அந்த ஆவணம் மட்டுமே, விதிப்புத்தகம் முழுவதும் இல்லை. பிஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர் போன்ற டி அண்ட் டி அரக்கர்களின் விவரப் பட்டியல் அதில் கிடையாது, அவற்றைத் தொடாதீர்கள். அட்டையில் 'ஐந்தாம் பதிப்புடன் பொருந்தும்' என்று போடலாம், டி அண்ட் டி லோகோ கூடாது. பிளேட்ஸ் இன் த டார்க், ஃபேட் என்ற வேறு இரண்டு ஆர்பிஜிகளின் விதிகளும் கிரியேட்டிவ் காமன்ஸில் கிடைக்கின்றன. கோஷ்டிச் சண்டையும் சூதும் நிறைந்த நகரம் என்றால் பிளேட்ஸின் அடித்தளம் நன்றாகவே பொருந்தும்.

படத்துக்குக் காசு இல்லையென்றால் மெட்ரோபாலிட்டன் மியூசியமும் ரைக்ஸ்மியூசியமும் ஏராளமான பழைய ஓவியங்களை இலவசமாகத் திறந்துவைத்திருக்கின்றன. பழைய செப்புத்தகட்டு அச்சுப் படங்கள் கறுப்பு வெள்ளை ஸீனில் அழகாக உட்காரும். ஓவியரை அமர்த்தினால், எந்த உரிமையை வாங்குகிறீர்கள், அட்டைப்படத்தை டி-ஷர்ட்டில் போடலாமா, வேலை பாதியில் நின்றால் எவ்வளவு தருவீர்கள் என்பதையெல்லாம் தொடங்கும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள். வரைபடம் மட்டும் இரண்டு வேண்டும்: ரகசியங்களோடு ஜிஎம்முக்கு ஒன்று, எதுவும் குறிக்காமல் ஆடுகிறவர்களுக்கு ஒன்று. இரண்டாவதை மறந்துவிட்டால் வாங்கியவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

பக்க வடிவமைப்புக்கு இலவச மென்பொருளான ஸ்க்ரைபஸ் போதும். பிடிஎஃப்-இல் புக்மார்க்கும், பக்க எண்களுக்கு இணைப்பும் கட்டாயம் இருக்க வேண்டும். ஆட்டத்தின் நடுவே பக்கம் தேடி ஸ்க்ரோல் பண்ணுவது பெரிய கொடுமை.

எங்கே விற்பது? டிரைவ்த்ரூஆர்பிஜி என்ற இணையக் கடையில், அங்கு மட்டுமே விற்றால் விலையில் 70 சதவீதம், வேறு இடங்களிலும் விற்றால் 65 சதவீதம் உங்களுக்கு. இட்ச்.ஐஓ என்ற இன்னொரு இணையக் கடை தன் பங்கை உங்களையே முடிவு செய்யச் சொல்கிறது. மாற்றாவிட்டால் 10 சதவீதம் அவர்களுக்கு. கணக்கு பார்த்தால் இட்ச்தான் லாபம். ஆனால் ஆர்பிஜி வாங்கவென்றே வருகிற கூட்டம் டிரைவ்த்ரூவில் இருக்கிறது. அந்த 5 சதவீதத்துக்காக ஒரே கடையில் அடைந்துகிடக்காமல் இரண்டிலும் போடுங்கள் என்பேன். டி அண்ட் டி-க்கென்றே உள்ள டிஎம்ஸ் கில்ட் கடை நமக்கு ஆகாது. அங்கே 50 சதவீதம்தான் கிடைக்கும், அதோடு டி அண்ட் டி-யின் உலகங்களில் நடப்பதை விற்கத்தான் அந்த இடம், உங்கள் சொந்த உலகத்தை அல்ல.

வெளியிடும் முன்பே மக்களிடம் பணம் திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் இலக்கைத் தொடாவிட்டால் ஒரு காசும் வராது. தொட்டால் 5 சதவீதம் அவர்களுக்கு, பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. அங்கே 2019 முதல் நடக்கும் ஸீன் குவெஸ்ட் என்ற நிகழ்வு சின்னப் புத்தகங்களுக்கென்றே வந்தது. எழுத்து வேலை முழுதாக முடிந்த பிறகே அங்கே பக்கத்தைத் திறவுங்கள். படத்துக்கும் அச்சுக்கும் மட்டும் பணம் திரட்டுங்கள். அஞ்சல் செலவை முன்கூட்டியே வாங்காமல், அனுப்பும் நேரத்தில் வசூலிப்பது நல்லது. முன்பே வாங்கிவிட்டுப் பிறகு கட்டணம் ஏறிவிட்டால் அந்த வித்தியாசம் உங்கள் லாபத்தைத் தின்றுவிடும்.

அச்சுப் புத்தகமாகவும் தர நினைத்தால், டிரைவ்த்ரூவின் பிரின்ட் ஆன் டிமாண்ட் (ஆர்டர் வந்த பிறகே அச்சிடும்) வழியில் முதல் போடாமல் தரலாம். படங்கள் 300 டிபிஐ, நிறம் சிஎம்ஒய்கே (அச்சு மைகள் நாலின் கலவை), எந்த இடத்திலும் நாலு மையும் சேர்ந்து 240 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கும்மிருட்டான குகைப் படம் போட்டிருந்தால் இந்த இடத்தில்தான் கோப்பு திரும்பி வரும். மாதிரிப் பிரதி ஒன்றை வரவழைத்து, மடிப்பின் பள்ளத்தில் எழுத்து விழுங்கப்படுகிறதா என்று பார்த்த பிறகே விற்பனைக்கு விடுங்கள்.

வெளியான வாரத்தில் எழுத்துப்பிழை சொல்லி யாராவது எழுதுவார்கள். திருத்திய பிடிஎஃப்பை அதே பக்கத்தில் ஏற்றிவிட்டால் ஏற்கெனவே வாங்கியவர்களும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். அவர்களுக்கு மெயில் போடும்போது அடுத்த ஊரின் வரைபடத்தையும் கூடவே காட்டுங்கள்.